சாம்பிராணிச் சட்டியை எறிந்துவிடு

வென்ட்வேர்த்வில்
யூலை 27

அன்பு மகன் நிதுஷனுக்கு,

நானும் அப்பாவும் இங்கே சுகம். உன் சுகத்தைக் கேட்டு எழுதத்தான் இந்த முறை கை கூசுகிறது. நீ ஆஸ்பத்திரியால் வந்து நாலு நாளாகிறது, தலையிடி விட்டதா, சாப்பாடு இறங்குகிறதா என்று அப்பா என்னைத்தான் கேட்கிறார், உன்னைக் கேட்கமாட்டார், அவர் குணம் உனக்குத் தெரியும். கராஜில் இருந்த போர்வைகளை எடுத்து மடிப்பதும் விரிப்பதுமாக நிற்கிறார்.

நீ திரும்பவும் அந்த வான் வண்டிக்குத்தான் போயிருக்கிறாய். நான் அனுப்பிய சாம்பிராணிச் சட்டியும் கரியும் இன்னும் அதற்குள் கிடந்தால் முதல் வேலையாக எறிந்துவிடு. ஜிண்டபைன் மலையூரில் பனிச்சறுக்கு வேலை, இருக்க அறை கிடைக்கவில்லை, பழைய வானுக்குள்தான் படுக்கை, குளிர் மைனஸ் எட்டு என்று நீ சொன்னபோது எனக்கு அதுதான் தோன்றியது. சின்ன வயதில் வெள்ளிக்கிழமை முழுகவைத்துச் சாம்பிராணிப் புகையில் தலை காயவைப்பேன், அந்தச் சூட்டிலேயே நித்திரையாகிவிடுவாய். அந்தக் கணக்கில்தான் கரியை மூட்டிவிட்டுக் காற்று வராமல் கண்ணாடியெல்லாம் பூட்டிப் படு என்றேன். பக்கத்து வான்காரர் கதவைத் திறந்து உன்னை வெளியே இழுத்திருக்காவிட்டால் இந்தக் கடிதத்தை நான் யாருக்கு எழுதியிருப்பேன்.

நேற்று அருந்தவன் அங்கிளிடம் கேட்டேன். ஏசி திருத்துகிறவருக்கு இதெல்லாம் தெரியும். மூடின வாகனத்துக்குள்ள கரி எரிஞ்சால் மணம்கூட இல்லாமல் ஆளைக் கொண்டுபோயிடும் அக்கா, முன்னமே ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே என்றார். எப்படிக் கேட்பது? நீ படிப்பை விட்டதை மறைத்து, கன்பராவில் அரசாங்க உத்தியோகம் என்று எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தேன். மானம் போய்விடும் என்று ஒருவரையும் கேட்காமல், தெரிந்தவள் போல உனக்குப் புத்தி சொன்னேன்.

அங்கிள் சொன்னதைக் கேள். எரிகிற எதையும் உள்ளே வைக்காதே, காஸ் அடுப்பும் வேண்டாம். கண்ணாடியை இரண்டு விரல் திறந்துவிடு. எஞ்சினை ஓடவிட்டுப் படுக்காதே, பனி புகைக்குழாயை அடைத்துவிடும். ஈர உடுப்போடு படுக்காதே. நச்சு வாயு வந்தால் கத்துகிற அலாரம் ஒன்று அனுப்புகிறேன், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் தலைமாட்டில் வை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைப் போனில் சொல்ல வாயெடுத்தேன், நீ இட்ஸ் ஓகே அம்மா என்றதும் அழுகை வந்துவிட்டது. கரி மூட்டிப் படுத்த அன்று நீ எனக்கு இரண்டு தரம் போன் எடுத்தாய். சிக்னல் இல்லை என்று சொன்னேன், அது பொய். தர்சினி அன்ரி வீட்டில் பிள்ளை பெரியவளான சாமத்தியச் சடங்கில் இருந்தேன், சுற்றிவரப் பெண்கள், வான் கதை அவர்கள் காதில் விழுந்துவிடும் என்று இரண்டு தரமும் நான்தான் லைனை வெட்டினேன். தலை சுற்றி, கதவைத் திறக்கவும் தெம்பில்லாமல் நீ எடுத்த போன் அது. அதன் பிறகும் பலகாரத் தட்டோடு நின்று சிரித்துப் படம் எடுத்தேன். அந்தப் படத்தை இப்போது பார்க்க முடியவில்லை.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகமில்லை. வருகிற சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம், வேண்டாம் என்று சொல்லாதே. நல்லூரான் உன்னைக் காப்பாற்றுவான், நீயும் கொஞ்சம் உன்னைக் காப்பாற்று. கடிதம் கிடைத்ததும் ஒருக்கால் போன் எடு. எந்தச் சபையில் இருந்தாலும் எல்லாருக்கும் கேட்கக் கேட்கக் கதைப்பேன்.

உன் அம்மா
சிவகௌரி