வினாத்தாளில் ஆடிய பல்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்டால் ஆமாம் என்று பொய் சொல்வாய், அதனால் கேட்கவில்லை, வேளாவேளைக்குச் சாப்பிடு, அது போதும். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் மாடிப்படி ஏறும்போது நான் பார்க்கிறேனா என்று பார்த்துவிட்டு நொண்டுகிறார். எனக்கு இந்த வருடத்தோடு ஓய்வு என்றிருந்தேன் அல்லவா, பல்கலைக்கழகத்தில் இன்னும் கொஞ்ச காலம் இருக்கச் சொல்லிவிட்டார்கள். நான் குடும்பச் சட்டம் எடுத்த புதிதில் வரிச் சட்டக்காரரும் கம்பெனிச் சட்டக்காரரும் என்ன கேலி செய்தார்கள், புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு ஒரு பேராசிரியரா, எங்க வீட்டுக்கு வந்தா தினமும் இலவசமாப் பாடம் கிடைக்குமே என்று. இப்போது என் வகுப்பில் இடம் கிடைக்காத பிள்ளைகள் ஜன்னல் திட்டில் உட்கார்ந்து கேட்கிறார்கள். உன்னிடம் பீற்றிக்கொள்ளாமல் வேறு யாரிடம் பீற்றிக்கொள்வேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீயும் உன் மனைவியும் ஆளுக்கொரு வீட்டில் இருக்க ஆரம்பித்ததிலிருந்து எனக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. போன மாதம் நீ போன் செய்து, குழந்தை என்னிடமே இருக்கணும்னு வழக்குப் போடப் போறேன், எந்தக் காரணத்தைச் சொன்னா நிக்கும், அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்றாயே, அடுத்த வாரமே அவளும் போன் செய்தாள். அதே கேள்வி, அதே ரகசியம். அவள் என் பழைய மாணவி, கேள்வியை உன்னைவிட ஒழுங்காகக் கேட்டாள், அதையும் சொல்லி வைக்கிறேன். ஊரில் இத்தனை வக்கீல்கள் இருக்க, இரண்டு தரப்பும் ஒரே ஆளிடம், அதுவும் ஒரு மாமியாரிடம், ரகசியமாக ஆலோசனை கேட்ட வழக்கை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. சிரித்தேன், போனை வைத்துவிட்டு அழுதேன்.

அந்த நினைப்போடுதான் பரீட்சைக்கு வினாத்தாள் தயாரித்தேன். வருடா வருடம் வருகிற கேள்விதான், பிரிந்து வாழும் தாய் தகப்பன், ஆறு வயதுக் குழந்தை, யாரிடம் விடலாம், காரணம் காட்டி எழுதுக. துறைத்தலைவர் சரிபார்த்துவிட்டு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். மேடம், குழந்தைக்கு முன்பல் ஆடுதுன்னு எழுதியிருக்கீங்க, அது எந்தச் சட்டப் பிரிவுக்கு வேணும் என்று மெதுவாகக் கேட்டார். வாங்கிப் பார்த்தேன், எழுதித்தான் இருக்கிறேன். இத்தனை வருடக் கேள்விகளில் எந்தக் குழந்தைக்கும் நான் பல் வைத்ததில்லை, பெயர்கூட வைத்ததில்லை. அந்த வரியை அடித்துக் கொடுத்தேன். அவர் ஒரு காபி வாங்கி அனுப்பினார், நல்ல மனுஷர்.

நம் குட்டியின் அந்தப் பல்லைப் பற்றி எனக்குச் சொன்னது நீதான். என்னைத் தவிர யாரையும் தொட விடமாட்டேங்குறாம்மா, அதிலேயே தெரியலையா அவளுக்கு யார் வேணும்னு என்றாய். உன் மனைவியும் போனில், அத்தை, என்னைத் தவிர யாரையும் தொட விடமாட்டேங்குறா என்று வார்த்தை பிசகாமல் அதையே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வாண்டு வீடியோவில் வந்தபோது நானே கேட்டுவிட்டேன், நிஜமா யாரடி தொடலாம் என்று. அவள் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, யார் தொட்டாலும் வலிக்குது பாட்டி, ஆனா நீ மட்டும் தொடலாம்னு அப்பாகிட்டயும் சொல்லிட்டேன், அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், இல்லாட்டி அவங்க முகம் வாடிப்போயிடும் என்று கிசுகிசுத்தாள்.

கண்ணா, நீ கேட்ட காரணம் உனக்கும் உண்டு, அவளுக்கும் உண்டு, எந்த நீதிபதியும் உங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிடலாம். ஆனால் நீங்கள் கோர்ட் படி ஏறுவதற்கு முன்பே அந்தக் குழந்தை உங்கள் வழக்கை விசாரிக்க ஆரம்பித்துவிட்டது. வலியைப் பொறுத்துக்கொண்டு இருவருக்கும் சாதகமாகத் தீர்ப்புச் சொல்கிறது. முதலில் அவளை அந்த நாற்காலியிலிருந்து இறக்கிவிடுங்கள். நீங்கள் சேர்ந்துதான் வாழ வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், அது உங்கள் இஷ்டம். வக்கீலிடம் போகாமல் இருவரும் ஒரு மேஜையில் உட்காருங்கள், எந்தெந்த நாள் யாரிடம், காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது என்று நீங்களே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பிரிந்த பிறகும் அப்படிப் பேசிக்கொண்டு பிள்ளையை அழகாக வளர்க்கிறவர்களை என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களால் முடியும், நீங்கள் இருவரும் அவளைப் பற்றிப் பேசும்போது குரல் ஒரே மாதிரி இளகுகிறது, நான் கேட்டேனே.

உடம்பைப் பார்த்துக்கொள், கோபத்தில் யாருக்கும் மெசேஜ் அனுப்பாதே. பல் தானாக விழட்டும், கையை வைக்காதே, மறந்துவிடாதே. நீ நன்றாக இருப்பாய், அவளும் நன்றாக இருப்பாள், என் குட்டி எல்லோரையும்விட நன்றாக இருப்பாள்.

இன்னொன்று. ஒரு தரப்பு கொடுக்கும் தாளின் நகல் மறுதரப்புக்கும் போயாக வேண்டும் என்பது நான் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பது. இந்தக் கடிதத்தின் நகல் இதே தபாலில் அவளுக்கும் போகிறது, ரகசியம் காக்காத வக்கீல் என்று இருவரும் சேர்ந்தே என்னைத் திட்டுங்கள். யார் முதலில் போன் செய்வது என்பதை மட்டும் புது வழக்காக்கிவிடாதே, நீயே செய்துவிடு.

ஆசிகளுடன்,
உன் அம்மா