தானாகத் தேடிப் பிடித்த மரண அறிவிப்பு

இன்று காலை உறுதியான செய்தி: விளம்பரப் பிரிவில் தட்டச்சு செய்த மல்லிகாவின் வேலையைப் பறித்த அந்தப் பொய் மரண அறிவிப்பு, உன் நிரலுக்குள்ளிருந்தே வந்தது. சொன்னவர், நம் நாளிதழில் இப்போது உன் நாற்காலியில் இருக்கும் நிரலாளர். திரையை எனக்கும் காட்டினார்.

காஜா பெராங் காப்பிக் கடையில் நீ பெருமையடித்த மாலை நினைவுக்கு வந்தது.

"அறிவிப்புன்னு ஒரு தாய் கிளாஸ், புரோகிராம்ல ஒரு அச்சு மாதிரி. அதிலேர்ந்து கல்யாணம், மரணம், வாழ்த்துன்னு எத்தனை பிள்ளை கிளாஸ் எழுதினாலும், புரோகிராம் தன்னையே பாத்து எல்லாத்தையும் தானா தேடிப் பிடிச்சி ஓடவிட்டுடும். நான் ஒண்ணொண்ணா சொல்லத் தேவையில்லலா. இதுக்குப் பேரு ரிஃப்ளெக்‌ஷன். ஒனக்கெங்க புரியப்போவுது."

மெர்டேக்கா சுதந்திர தின வாழ்த்துகளுக்கு ஒரு புதிய கிளாஸ் எழுதினாய். சோதித்துப் பார்க்க இன்னொன்று. அதில் ஒரு மரண அறிவிப்பு, இறந்தவர் பெயராகத் தெங்கேரா பூக்கடை முனியாண்டி. வேலை முடிந்ததும் அதை நீக்கும் சிரமத்தை நீ எடுத்துக்கொள்ளவில்லை. நிரல் அதையும் பிள்ளை என்றே தேடிப் பிடித்தது. மெர்டேக்கா இதழில் அச்சானது.

அன்று காலையிலேயே பூக்கடைக்குத் தொலைபேசி வந்ததாம்.

"பெரிய மாலை ஒண்ணு வேணும்."

"யாருக்குங்க?"

"ஒங்க மொதலாளி முனியாண்டிக்குத்தான்."

"முனியாண்டிதான் பேசுறேன். எந்த சைசுல கட்டட்டும்?"

ஆசிரியர் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "கம்ப்யூட்டரு தானா எதுவும் செய்யாது சார். மல்லிகாதான் தப்பா அடிச்சிருக்கும்," என்றாய். தானாகச் செய்யும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நீ. அன்று மதியமே அந்தக் கிளாஸை ஓடவிடாமல் ஒரு வரி சேர்த்ததும் நீதான்; தேதியும் நேரமும் திரையில் இருந்தன. தெரியாமல் சொல்லியிருந்தால் உன்னை முட்டாள் என்பதோடு விட்டிருப்பேன்.

உன் இறுதிச் சடங்கில் உன்னை மேதை என்றார்கள். உன் சோம்பலுக்கு அவர்களுக்குக் கிடைத்த மரியாதையான சொல் அது. எனக்குள் தங்கியது வேறு, வேலை போன அன்று கைப்பையோடு படியிறங்கிய மல்லிகா சொன்னது: "நான் அடிக்கலண்ணே."

ஆயர் குரோவில் இருக்கும் அவளிடம் இன்று தகவல் சொன்னேன்.

"வருந்துகிறோம்னு போட்டுட்டு விட்டுடுவாங்க அண்ணே. யாரு செஞ்சதுன்னு போடச் சொல்லுங்க."

ஞாயிறு இதழில் திருத்தம் வரும். மல்லிகா தவறு செய்யவில்லை என்று வெளியிட ஆசிரியர் ஒப்புக்கொண்டார். உன் பெயரைப் போடுவதா என்பதைச் சனிக்கிழமை மாலை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.