சுண்டுவிரலைத் தூக்காத பெண்

இன்று காலை என் மேசைமேல் ஒரு தூக்குவாளி இருந்தது. மூடியைத் திறக்காமலே தெரிந்துவிட்டது, அவித்த வேர்க்கடலை, உன் பேச்சில் மல்லாட்டை. உப்பும் ஈர மண்ணும் கலந்த அந்த வாசனை வகுப்பு முழுக்கப் பரவியிருந்தது. "அப்பா குடுத்தனுப்பிச்சாரு டீச்சர். அம்மா இருந்தா குடுத்திருக்கும்னு சொன்னாரு" என்றாள் தர்ஷினி. உன் மகள் இப்போது ஆறாம் வகுப்பு, என் வகுப்பில், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். வருஷக்கணக்காக நான் மல்லுக்கட்டியது இதற்குத்தான். ஆனாலும் இதை உனக்கு எழுதும்போது மனசுக்குச் சந்தோஷமாக இல்லை.

உன் வீட்டுக்கு நான் முதலில் வந்தது ஒரு சித்திரை வெயிலில். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளை வீடு வீடாகத் தேடிப் பிடிக்கும் வேலை கோடை லீவில் எங்கள் தலையில்தான் விழும். கூட்டேரிப்பட்டு ரோட்டை விட்டு உள்ளே நடந்து வந்தேன். களத்தில் உட்கார்ந்து கொடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தாய். பக்கத்தில் ஒரு சின்னப் பெண் பேப்பரை விரித்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது. என் கைப்பையையும் குடையையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், புள்ள புடிக்க வந்துக்கினு கீறீங்களா?" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நிமிஷம் நானும் சிரித்துவிட்டேன்.

தர்ஷினியைப் பள்ளிக்கூடம் அனுப்பாத காரணத்தையும் அன்றைக்கே சொன்னாய். திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தீர்கள். ஒருநாள் அவள் ஒன்றுக்குப் போக சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டே நின்றிருக்கிறாள். பீரியட் முடியட்டும் என்று உட்கார வைத்துவிட்டார்கள். ஈரப் பாவாடையோடு வேனிலிருந்து இறங்கினாளாம். "வர்ற வழியெல்லாம் பசங்க சிரிச்சிக்கினே வந்துதுங்களாம் டீச்சர். எம் பொண்ணு யார்கிட்டயும் கேட்டுக்கினு ஒண்ணுக்குப் போவ வேணாம்" என்றாய். மறுநாளிலிருந்து நீதான் அவளுக்குப் பள்ளிக்கூடம். கணக்கில் பட்டம் வாங்கினவள், கல்யாணமாகி வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னால் முடிந்தது.

அப்புறம் ஒவ்வொரு கோடையும் நான் வந்தேன். வேலைக்காக வந்தது போய், சண்டைக்காகவே வர ஆரம்பித்தேன். நீ மல்லாட்டை அவித்து வைத்துவிட்டுக் காத்திருப்பாய். ஆளுக்கொரு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உரித்துத் தின்றபடியே சண்டை போடுவோம்.

"கட்டாயக் கல்விச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, தெரியுமில்ல?" என்பேன்.

"கட்டாயம் யாருக்கு டீச்சர்? ஸ்கூல் கட்டிக் குடுக்கறது கவர்மெண்டுக்குக் கட்டாயம். எம் புள்ளைக்கு இன்னா கட்டாயம்?" என்பாய்.

எனக்குக் கோபம் வரும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் பெண் நான். ஒரு டீச்சர் வந்து என் அப்பாவிடம் சத்தம் போடவில்லை என்றால் நானும் இன்றைக்கு யார் நிலத்திலோ களை பறித்துக்கொண்டிருப்பேன். "நீ படிச்சவ, வீட்டுல வச்சி சொல்லிக் குடுப்ப. உன்னப் பாத்து பக்கத்து வீட்டுக்காரியும் புள்ளய நிறுத்தினா? அது இன்னா பாடமா படிக்கும்? மல்லாட்டை பொறுக்கும், அப்புறம் அதுக்குக் கல்யாணம் கட்டி வப்பாங்க" என்பேன் ஒவ்வொரு வருஷமும். நீ என்னை முறைத்துவிட்டு அடுத்த மல்லாட்டையை உரிப்பாய்.

நானும் மாட்டிக்கொண்ட நாள் உண்டு. தர்ஷினியை மடக்கப் பார்த்து, நிலா ஏன் தேய்கிறது என்று கேட்டேன். அவள் ஒரு கொய்யாவையும் டார்ச் லைட்டையும் எடுத்துவந்து எனக்குப் பாடம் நடத்தினாள். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற கூட்டம் எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்வதற்காக, தினமும் மாடியேறி நிலாவைப் பார்த்து வைத்திருந்தாளாம். என் வகுப்பில் அதைப் படம் வரையத் தெரிந்தவர்கள் உண்டு. வானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் யாருமில்லை. நீ மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்தாய். முகத்தில் மட்டும் அத்தனை பெருமை.

அதே பெண்ணை இன்னொரு நாள் ரோட்டோரம் பார்த்தேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கும்பலாகப் போகும்போது வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தனை பேர் பெயரும் அவளுக்குத் தெரியும். அவள் பெயர்தான் ஒருவருக்கும் தெரியாது. அதை உன்னிடம் வந்து சொன்னேன். "தெரியும் டீச்சர். நானும் பாத்துக்கினுதான் கீறேன்" என்றாய். அன்றைக்கு நாம் சண்டை போடவில்லை.

கடைசியாக உன்னைப் பார்த்தது விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில். முடியெல்லாம் கொட்டித் தலையில் துண்டைச் சுற்றியிருந்தாய். என்னைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா, புள்ள புடிக்க?" என்று சிரிக்கப் பார்த்தாய். சிரிப்பு வராமல் இருமல்தான் வந்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னாய்.

"ஜூன்ல சேத்துக்குங்க டீச்சர்."

"எழுந்து வந்து ஒழுங்கா சண்ட போடு. அப்புறம் பாக்கலாம்" என்றேன்.

"தெம்பு இல்ல. நீங்க ஜெயிச்சீங்கன்னு வச்சிக்குங்க." என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஒண்ணே ஒண்ணு. அவள சுண்டுவெரல தூக்க வெக்காதீங்க."

சரி என்றேன். அதைவிட வேறு எதையாவது கேட்டிருக்கலாம் நீ.

ஜூனில் சேர்ந்தாள். முதல் வாரமே என் பீரியடில் தன் பாட்டுக்கு எழுந்து வெளியே போனாள். "டீச்சர், அவ கேக்காமயே போறா!" என்று வகுப்பே கூச்சல் போட்டது. போகட்டும் என்றேன். கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். ஆனால் என் பீரியட் ஒன்று போனால் மற்ற பீரியடெல்லாம் வேறு டீச்சர்கள். "வீட்டுலயே வளந்த புள்ள, ஒரு முறை தெரியல" என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு வந்தது. உன் சார்பில் நான் வரிந்துகட்டிக்கொண்டு பேசினேன். "நாப்பது புள்ளயும் இஷ்டத்துக்கு எழுந்து போனா நீங்க பாத்துக்குவீங்களா மேடம்?" என்று கேட்டார்கள். எல்லாரும் அப்படிச் செய்தால் என்று நான் உன்னிடம் வருஷா வருஷம் கேட்ட அதே கேள்வி. அன்று நீ முறைத்த மாதிரி நானும் முறைத்துவிட்டு வந்தேன். பேஜாராகிவிட்டது.

இதையும் சொல்ல வேண்டும். அவளுக்கு ஒரு தோழி கிடைத்துவிட்டாள். இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறார்கள். கோ-கோ ஆடினால் அவளைத் தொட ஆளில்லை. மைதானத்தில் நாற்பது பிள்ளைகளும் "தர்ஷினி, தர்ஷினி" என்று கத்துகிறார்கள். நீ ஒரே ஒருநாள் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

இன்று மூன்றாம் பீரியட். கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். ஜன்னலோரம் ஒரு சுண்டுவிரல் உயர்ந்திருந்தது. தர்ஷினி.

"நீ ஏன்டா கேக்கற? எழுந்து போ, வந்து உக்காரு" என்றேன். நீ அவளிடம் சொல்லும் அதே வார்த்தைகள்.

அவள் வெட்கமாகச் சிரித்தாள். "கேட்டுட்டுதான் போவணும் டீச்சர். எல்லாரும் அப்டித்தான போறாங்க?"

அந்த முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் யாரோடாவது சண்டைக்குப் போயிருப்பேன். எல்லாரையும் போல ஆகிவிட்ட சந்தோஷம்தான் இருந்தது. வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஆசைப்பட்டதும் அதைத்தானே? விரல் இறங்கவில்லை. நான் தலையை ஆட்டும்வரை அவள் நகரவில்லை. ஆட்டினேன். ஓடினாள்.

திண்டிவனம் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மடியில் தூக்குவாளி இருக்கிறது. ஒரு மல்லாட்டைகூட உரிக்கவில்லை. எதிரில் ஆள் இல்லாமல் எனக்கு அதைத் தின்னத் தெரியவில்லை. ஸ்டாஃப் ரூமில் இப்போது உன் கட்சியைப் பேசுகிறவள் நான் ஒருத்திதான். நாளைக்கும் பேசுவேன், அடுத்த வருஷமும் பேசுவேன். ஆனால் எனக்கு அது உன் அளவுக்கு வரவில்லை. ஒரே ஒரு தடவை எழுந்து வந்து உன் கட்சியை நீயே வாங்கிக்கொள்ளேன். நான் பழையபடி என் கட்சிக்குப் போய், உன்னிடம் தோற்றுவிடுகிறேன்.