காலர் மைக்கில் போன சிரிப்பு

பெரிய வியாழன், இரவு.

மாலை நாலு பத்துக்கு உபதேசியார் போனில் சொன்னார்: "தம்பி, பாதம் கழுவுற சடங்குல உக்காரப் பேர் குடுத்திருந்த வைத்திக்குப்பத்துக்காரருக்கு ஜுரம். நீ வந்து உக்காரு."

கோவிலில் நான் மைக் செட் ஆள். மனைவி ரெஜினாவைப் புதைத்த பிறகு ஆம்ப்ளிஃபயர் பின்னால்தான் ஒளிந்துகொள்கிறேன். அங்கே யாரும் ஆறுதல் சொல்ல வரமாட்டார்கள்.

"வேற ஆளப் பாருங்க."

"இயேசுகிட்ட கால் காட்டமாட்டேன்னு சொன்ன பேதுருவாட்டம் அடம் புடிக்காதடா. சீடருங்க கணக்குக்குப் பன்னண்டு பேர் வேணும்."

போனேன். ஃபாதர் முழங்காலிட்டு என் பாதத்தைப் பிடித்தபோது வெட்கமாக இருந்தது. விரலிடுக்கைத் துண்டால் துடைத்தார். கிச்சுகிச்சு தாங்காமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்த நேரத்தில் அவருடைய காலர் மைக்கை அணைப்பது என் வேலை. இன்று நான் நாற்காலியில் இருந்தேன். என் சிரிப்பு தெரு ஸ்பீக்கர் வரை கேட்டது.

பெண்கள் பக்கம் ரெஜினாவின் அம்மா இருந்தார். மகள் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை, இவன் சிரிக்கிறானே என்று நினைப்பாரோ? பூசை முடிந்து வாசலில் பயந்து நின்றேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அவளும் காலத் தொட்டா இப்டித்தான் மாப்ள, ஊரையே கூட்டுவா."

இரண்டு பேரும் சிரித்தோம்.

என் சிரிப்பைப் பற்றிப் போனில் கிண்டல் மெசேஜ்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இத்தனை நாள் வாயில் வராத ஜெபம் இன்று நன்றியில் ஆரம்பித்தது. அது பாதியில் நிற்கக் கூடாது. போனை அணைத்துவிட்டேன்.