பிரேக்குக்கு வைத்த பொட்டு

11 மார்ச் 2025, செவ்வாய்

லண்டன், நோர்பரித் தமிழ்க் கடையில் இருபது கிலோ அரிசி மூட்டையை வண்டிலில் ஏற்றுவித்தேன். இவர் அதைத் திரும்ப இறக்கச் சொல்லிவிட்டு, இரண்டு கிலோப் பை ஒன்றை எடுத்து வைத்தார்.

"இருபது கிலோ என்னத்துக்கு, மலர்? ஆர் இருந்து சாப்பிடுறது?"

கடைக்காரர் எங்களைப் பார்த்தார். நான் டயற் என்று சொல்லிச் சமாளித்தேன். என் உடம்பை ஒரு பார்வை பார்த்தார். நம்பவில்லை.

ஒக்டோபரில் இவருக்கு ஹார்ட் அட்டாக். அம்புலன்ஸ் ஒன்பது நிமிடத்தில் வந்தது. அதில் வந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இன்னும் ஒரு நன்றிக் கடிதம் எழுதவில்லை, வெட்கமாக இருக்கிறது. ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நெஞ்சில் ஒரு பிழையும் இல்லை என்று டொக்டர் சொல்கிறார். இவரோ கோட்டுப் போட்டு, பெட்டி கட்டி, ரயிலுக்குக் காத்திருப்பவர் மாதிரி வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார். வேலைக்குப் போவது அரைநாள். கூரை திருத்துகிறவர் "அடுத்த வருசம் மாத்தினாப் போதும்" என்று சொன்னதும் இவர் உள்ளே போய்விட்டார். அடுத்த வருசம் என்ற சொல்லே இந்த வீட்டை விட்டுப் போய்விட்டது. அதைத் திரும்பக் கூட்டிவருவது எப்படி?

கையில் ஒரு மணிக்கூடு, இதயத் துடிப்பை எண்ணுவது. 110ஐத் தாண்டினால் எந்த இடமென்றாலும் குந்திவிடுவார். படியேறினால் 104. நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தால் 68. முப்பது வருசக் கலியாணம்.

23 மார்ச், ஞாயிறு

பீற்றர் வந்தார். ஸ்ட்ரெதத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார், இவருடைய நெடுநாள் கூட்டாளி. தேவாலயத்தில் பூசை முடிந்ததும் நேரே எங்கள் வீட்டு இடியப்பத்துக்கு வருவார். இரண்டில் எது பெரிய பக்தி என்று கேட்டால் கோபிப்பார்.

மே மாதம் பிரான்சில் பேர்கண்டிப் பக்கம் போகிறாராம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவால் கிரேவல் சைக்கிள் ஓட.

"கிரேவல் எண்டால் என்ன பீற்றர்?"

"தார் போடாத கல்லு றோட்டிலை ஓடுறது, அக்கா."

"அதுக்கேன் பிரான்சுக்கு? எங்கட றோட்டிலையே கவுன்சில் அதைத்தானே செய்து வச்சிருக்கு."

சிரித்துவிட்டு, "அண்ணை, நீங்களும் வாங்கோவன்" என்றார். இவர் தேத்தண்ணியைப் பார்த்தபடி, "மே மாதமோ... அது கனதூரம்" என்றார்.

இரண்டு மாதம். கனதூரமாம்.

"ஓம் பீற்றர், நாங்கள் ரெண்டு பேரும் வாறம்" என்று என் வாய் சொல்லிவிட்டது. நான் கடைசியாகச் சைக்கிள் ஓடியது எப்போது என்று அது என்னிடம் கேட்கவில்லை.

27 ஏப்ரல், ஞாயிறு

ஆஸ்பத்திரி நர்ஸ் இவருக்கு அனுமதி கொடுத்துவிட்டார். அந்த மகராசி நூறு வருசம் இருக்க வேண்டும். பீற்றர் பழைய கிரேவல் சைக்கிள்கள் இரண்டைப் புதிது போலாக்கித் தந்தார். தடித்த டயர், ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த கைபிடி, சில்லின் நடுவில் பளபளவென்று ஒரு வட்டத் தகடு.

பின்பக்கம் பஞ்சு வைத்த இறுக்கக் காற்சட்டையோடு நான் ஒழுங்கையில் ஓடிப் பழகியதை இரண்டு வீடு தள்ளியிருக்கும் தவநாயகி அக்கா பார்த்துவிட்டார். நோர்பரியில் அவருக்குத் தெரிந்தால் லண்டனின் மற்ற மூலை ரெய்னர்ஸ் லேன் வரை தெரிந்த மாதிரி.

"என்ன மலர், இது பிள்ளையளுக்குக் கட்டுற நப்பியோ?"

"ஓம் அக்கா, பெரிய சைஸிலையும் இருக்கு. வேணுமெண்டால் சொல்லுங்கோ."

21 மே, புதன்

நாளை விடிய வெளிக்கிடுகிறோம். புது வாகனம் பூசை செய்யாமல் தெருவில் இறங்குவதா? பக்கத்துக் கோயிலில் சைக்கிளுக்கு அர்ச்சனை கேட்க எனக்கே கூச்சம். வாசலில் நானே செய்தேன். டயருக்குக் கீழே தேசிக்காய், நடைபாதையில் தேங்காய். எதிர்வீட்டு வெள்ளைக்கார மனுசி ஜன்னல் சீலையை விலக்கி முழுவதையும் பார்த்தார். எங்கே பொட்டு வைப்பது என்று தேடினேன். அந்த வட்டத் தகடுகள் பொட்டு வைக்கவென்றே செய்த மாதிரி இருந்தன. நாலிலும் சந்தனம், குங்குமம். இவருடைய சைக்கிளுக்குக் கொஞ்சம் கூட. வழியில் துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணெயும் துணியில் தொட்டுத் துடைத்துவிட்டேன்.

பீற்றருடைய சைக்கிளுக்கும் செய்யவா என்று போனில் கேட்டேன். வேண்டாமாம், தான் தேவாலயச் சுவாமியாரிடம் தீர்த்தம் தெளித்து வாங்கிவிட்டாராம்.

பிள்ளையாரே, இந்த மனுசனைப் பார்த்துக்கொள்ளும்.

23 மே, வெள்ளி

பேர்கண்டி. நேற்று முழுவதும் பீற்றரின் வான் வண்டியில் குலுங்கி வந்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைக் கொடி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசை வரிசையாக. இவர் அறைக்குள் வந்ததும் முதல் வேலையாகக் கிட்டடி ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீற்றர் என்று போனில் பார்த்தார். முப்பத்தொன்று. இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

24 மே, சனி

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் வாய்க்கால் கரையால் ஓடினோம். சமதரை, பிரேக் பிடிக்கப் பெரிதாகத் தேவை வரவில்லை. ஒருமுறை பிடித்தபோது இவருடைய சைக்கிள் மாடு மாதிரி முனகியது. "பனி ஈரமா இருக்கும்" என்றார் பீற்றர். பிறகு தோட்டங்களுக்கு நடுவால் வெள்ளைக் கல் பரவிய மேட்டுப் பாதை. இவர் ஐந்து தரம் இறங்கி நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். 108. 110. உச்சிக்கு வர ஒரு மணித்தியாலம் எடுத்தது. குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் அவருக்கும் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தவள்.

அதற்கப்பால் இறக்கம். இறக்கம் என்றால் நான் இறங்கி உருட்டுகிற ஆள். இவர் ஏறி இருந்து, "மெதுவாப் போறன்" என்றார். போனார். மெதுவாக இல்லை.

அட, மனுசனுக்குத் துணிவு வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சத்தம் கேட்டது — "பிரேக் பிடிக்குதில்லை, மலர், பிடிக்குதில்லை" — என்னட்டை ஏன் சொல்லுறார், நான் என்ன செய்ய — சைக்கிளைப் போட்டிட்டு ஓடினன். வளைவிலை அவர் திரும்பேல்லை. நேரை தோட்டத்துக்கை போட்டார். நான் கூட்டிக்கொண்டு வந்தனே, நான்தானே கூட்டிக்கொண்டு வந்தனான் —

போய்ப் பார்த்தால், உழுது புதிதாகக் கன்று நட்ட நிலம். சில்லு புதைந்து நிற்கிறது. இவர் மண்ணில் மல்லாந்து கிடக்கிறார். கண் மூடியிருந்தது. இதற்குமேல் அந்த இடத்தை எழுத மாட்டேன்.

கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தி மணிக்கூட்டைக் காட்டினார்.

"நூற்றி நாப்பத்தெட்டு."

"என்னப்பா?"

"நூற்றி நாப்பத்தெட்டு அடிச்சிருக்கு, மலர். எண்டாலும் நிக்கேல்லை."

சிரிக்கத் தொடங்கினார். வாயெல்லாம் மண். ஏழு மாதமாகக் கேட்காத சிரிப்பு. நான் அழுதேன், பிறகு அவருடைய சப்பாத்தில் ஓர் உதை கொடுத்தேன். அந்த நிலத்தை உழுதவனுக்குக் கோடி புண்ணியம்.

பீற்றர் சைக்கிளைக் கவிழ்த்து, தகட்டைத் தடவி, விரலை மணந்து பார்த்தார்.

"அக்கா. இதிலை என்ன பூசினனீங்கள்?"

"கொஞ்சம் சந்தனம்."

"இது நல்லெண்ணெய் மணக்குது."

"கொஞ்சம் அதுவும்."

"இதுதான் பிரேக், அக்கா. இதைப் பிடிச்சுத்தான் சைக்கிள் நிக்கிறது. நாங்கள் தண்ணிதான் தெளிக்கிறனாங்கள். அது காஞ்சிடும்."

இவர் எழுந்து உட்கார்ந்தார். "ஏழு மாசமா ஊரெல்லாம் சேந்து என்னைக் காப்பாத்தினவை. கொல்லப் பாத்தது நீ ஒராள்தான்."

தோட்டக்காரர் வந்தார். கிழவர், கையில் கன்று நடுகிற கம்பி. ஏசப் போகிறார் என்று எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லான 'பார்தோன்'ஐ, மன்னியுங்கோ என்பதை, ஆறு தரம் சொன்னேன். அவர் இவரை மேலும் கீழும் பார்த்தார், முறிவு ஒன்றுமில்லை என்று கண்டதும் சரிந்து கிடந்த இரண்டு கன்றுகளை நிமிர்த்தி, காலால் மண்ணை மிதித்துவிட்டார். அவ்வளவுதான்.

இது எப்போது காய்க்கும் என்று பீற்றர் மூலம் இவர் கேட்டார்.

"மூண்டு நாலு வருசமாம் அண்ணை. நல்ல வைன் வேணுமெண்டால் பத்துப் பன்னிரண்டு வருசமாம்."

"இவருக்கு எத்தினை வயசாம்?"

"எழுபத்தொன்பதாம்."

"விசரன்" என்றார் இவர், மிகுந்த மரியாதையோடு. பீற்றர் அதை மொழிபெயர்க்கவில்லை.

25 மே, ஞாயிறு

உடம்பில் நோகாத இடம்: இடது காது. பீற்றர் தகடுகளைக் கழுவி, பிரேக் கட்டைகளை மாற்றிவிட்டார். எனக்கு எண்ணெய்ப் போத்தல் தொடத் தடை. இவர் இன்று மூன்று இறக்கம் ஓடினார், மணிக்கூட்டை அறையிலேயே விட்டுவிட்டு.

19 யூலை, சனி

கவுன்சிலில் இருந்து இவர் பெயருக்குக் கடிதம். வெட்கமில்லாமல் நானே உடைத்தேன். தோட்டம் செய்ய வாடகைக்குக் கொடுக்கிற நிலத்துண்டு ஒன்றுக்கு இவர் எனக்குச் சொல்லாமல் எழுதிப் போட்டிருக்கிறார். விண்ணப்பித்ததற்கு நன்றியாம். காத்திருப்போர் பட்டியல் நீளமாம். ஏறக்குறைய ஒன்பது வருடமாம்.

இதை வாசித்தால் மனுசன் திரும்பவும் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாரோ? கடிதத்தை நாலாக மடித்துத் தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தேன். மத்தியானம் கறிக்குத் தூள் எடுக்கப் போனவர் இவர்.

நின்றபடி வாசித்தார். நான் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒன்பது வருசமாம்."

"ம்."

"அப்ப எனக்கு அறுபத்தாறு." கடிதத்தை ஃபிரிட்ஜில் காந்தத்தால் ஒட்டினார். "ரெண்டு வரிசை திராட்சை வைக்கலாம்."

"உங்களுக்கென்ன விசரோ? கத்தரி வையுங்கோ. திராட்சையை ஆர் சமைக்கிறது?"

"இந்தக் குளிருக்குக் கத்தரி வராது, மலர். சும்மா கதையாதை."

"தவநாயகி அக்காவின்ரை முற்றத்திலை வருது."

"அவ கடையிலை வாங்கிக் கட்டித் தொங்கவிடுறா."

ஒரு மணித்தியாலம் சண்டை. கறி அடிப்பிடித்துவிட்டது. இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஒன்றும் அவசரமில்லை, ஒன்பது வருசம் கிடக்கிறது.