துடுப்புப் போடுகிறவர்களிடம் சொல்லாதது

12 ஆகஸ்ட் 1943, வியாழன்.
காஜா பெராங்.

சாயங்காலம் பாப்பாவுக்கு ஒரு கிரேக்கக் கதை சொன்னேன். கல்லூரியில் படித்தது. ஜப்பான்காரனுக்குப் பயந்து ஆங்கிலப் புத்தகங்களையெல்லாம் புதைத்தாகிவிட்டது, அதனால் பெயர்களை விட்டுவிட்டுத் தமிழிலேயே சொன்னேன். கடற்குகையில் ஆறு தலைப் பூதம் ஒன்று இருக்கிறது. கப்பல் அந்த வழியே போனால் தலைக்கு ஒரு ஆளைத் தூக்கிவிடும். கப்பல் தலைவனுக்கு மட்டும் அது தெரியும்.

"மத்தவங்ககிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா யாரு துடுப்புப் போடுவா? எல்லாரும் ஓடி ஒளிஞ்சுக்குவாங்க. கப்பலே போயிடும்."

அப்போதுதான் பக்கத்து வீட்டு லெட்சுமியக்கா மரவள்ளிக்கிழங்கோடு வந்தார்.

"ஏம்மா, சயாம் ரயில் வேலைக்கு ஆள் புடிக்கிறாங்களாமே. போனவங்க யாரும் திரும்பலையாமே. உங்க வீட்டுக்காரருதானே ஜப்பான்காரன் ஆபீஸ்ல லிஸ்ட் எழுதுறாரு? எங்க ஆளு பேரு இருக்கா?"

இருக்கிறது. எட்டாவது பெயர். என் வீட்டுக்காரர் எழுதும்போது பார்த்தேன். பட்டியலில் ஒருவர் ஓடிப்போனாலும் அவருக்குப் பதில் எழுதியவரையே லோரியில் ஏற்றிவிடுவார்களாம்.

"அவரு வீட்டுல எதுவும் பேசுறதில்லக்கா," என்றேன்.

"அதானே, இருந்தா நீ சொல்லாமயா இருப்ப!" சிரித்துக்கொண்டே பாப்பாவுக்குப் பெரிய கிழங்காகப் பொறுக்கி வைத்துவிட்டுப் போனார்.

வேகவைத்தேன். மூவரும் சாப்பிட்டோம். அவர் தூங்கிவிட்டார். எனக்கு அழுகைகூட வரவில்லை.

விடிந்ததும் லோரி வந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் லெட்சுமியக்காவின் வீட்டுக்காரர் இருமுகிறார். இன்னும் தூங்கவில்லை. வெறும் பலகைச் சுவர்தான். மெல்லச் சொன்னாலே கேட்கும்.