கிளேருக்கு ஒரு வெள்ளைச் சாலை

லா ஷப்பேல், பாரிஸ்
4 செப்டம்பர் 1986

அன்புள்ள அத்தானுக்கு,

மாதா உங்களை நலமாக வைத்திருக்கட்டும். நீங்கள் அனுப்பிய படங்கள் கிடைத்தன. எல்லாம் கல். ஒன்றிலாவது உங்கள் முகம் இருக்குமா என்று தேடினேன்.

நம் மகள் கிளேரை மூளைக்காய்ச்சலுக்குக் கொடுத்த அதே மாதத்தில், நில அளவைக் குழுவோடு மெக்சிக்கோவுக்குப் புறப்பட்டீர்கள். வேலை மனதை ஆற்றும் என்றுதான் நானும் பெட்டி கட்டிக் கொடுத்தேன். ஆனால் ஒரு கடிதத்திலும் குழந்தையின் பெயர் இல்லையே?

கீழ்க்கடைத் தவரத்தினம் அண்ணன் கேட்கிறார்: “அண்ணை எப்ப வாறார் அக்கா? கல்லறைத் திருநாளுக்கெண்டாலும் வரச்சொல்லி எழுதுங்கோ.” எழுதிவிட்டேன். அவள் உறங்கும் எபினே கல்லறைக்கு என்னைத் தனியாக அனுப்பாதீர்கள்.

உங்கள் ஆலீஸ்


கோபா, மெக்சிக்கோ
23 செப்டம்பர் 1986

என் ஆலீசுக்கு,

உன் கடிதம் கண்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே நல்ல மழை.

நாங்கள் அளப்பது மாயா மக்கள் ஆயிரம் வருடத்துக்கு முன் போட்ட சாலை. சதுப்பில் கால் நனையாதபடி கல்லடுக்கி உயர்த்தி, மேலே வெண்சுண்ணாம்பு இட்டு இறுக்கியிருக்கிறார்கள். வண்டியோ குதிரையோ அவர்களிடம் இல்லை. அத்தனையும் மனிதர் நடப்பதற்காக. வேர்களை வெட்டி விலக்கினால், கோடு பிசகாமல் காட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. காலையில் ஏறினால் பொழுது போவதே தெரிவதில்லை.

திருநாளுக்கு விடுப்புக் கேட்கிறேன்.

ரொபேர்


கோபா
1 நவம்பர் 1986

என் ஆலீசுக்கு,

விடுப்புக் கொடுத்தார்கள். விமான நிலையம் வரை போய்த் திரும்பிவிட்டேன். அந்தக் கல்லில் அவள் பெயரைப் படிக்க எனக்குத் திராணி இல்லை.

நேற்று இங்கே இறந்த குழந்தைகளின் நாள். பிள்ளைகள் வழி தெரிந்து வீட்டுக்கு வரட்டும் என்று, ஊர்ப் பெண்கள் வெள்ளைச் சாலையோரம் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். எங்களுக்குச் சமைக்கும் அம்மா என் கையிலும் ஒன்றைத் தந்து, “யாருக்கு?” என்று கேட்டாள். “கிளேர்” என்றேன். சத்தமாகச் சொன்னேன், ஆலீஸ். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மனம் லேசானது.

வேனிலில் கட்டாயம் வருகிறேன்.

ரொபேர்


லா ஷப்பேல், பாரிஸ்
18 நவம்பர் 1986

ரொபேர் அவர்களுக்கு,

உங்கள் கையெழுத்தில் அவள் பெயரைப் பார்த்து முத்தமிட்டேன். அந்த அம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் வருமுன், இரண்டாம் தேதி திருநாளன்று கார் து நோர் ரயில் நிலையத்தில் நின்று, ரொய்சி விமான நிலையத்திலிருந்து வந்த ஒவ்வொரு ரயிலாகப் பார்த்தேன். பிறகு பூவை எடுத்துக்கொண்டு எபினேக்குப் போனேன். காவல்காரர் வந்து கதவடைக்க வேண்டும் என்று சொல்லும்வரை இருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அழத்தான் இத்தனை மாதம் வைத்திருந்தேன். நீங்கள் அங்கேயே அழுது முடித்துவிட்டீர்கள்.

வேனிலில் வர வேண்டாம். இந்த வீட்டைக் காலி செய்கிறேன். உங்கள் துணிமணிகள் தவரத்தினம் அண்ணனிடம் இருக்கின்றன. எபினேயில், கல்லறைக்கு அடுத்த தெருவில் ஓர் அறை பார்த்தேன்.

“சின்ன அறை, மதாம். ஒருவருக்குத்தான் போதும்” என்றார் வீட்டுக்காரர்.

“ஒருத்திதான்” என்றேன்.

ஆலீஸ்